கேரேஜ் பட்டறை: கதவுக்கு முன் சுவர்க் கணக்கு

கேரேஜ் வரைபடம் போடும்போது பெரும்பாலும் வெளியே நின்றுதான் கதவை யோசிக்கிறோம். முகப்பின் நடுவில் பெரிய கதவு, வீட்டுக்குப் பக்கமான மூலையில் ஆள் வரப் போகச் சின்னக் கதவு, மிச்சச் சுவரில் ஜன்னல். கட்டி முடித்த பிறகு உள்ளே வந்து மெஷினுக்கு இடம் தேடுவது. கார் மட்டும் நிற்கிற கேரேஜுக்கு இது போதும். அங்கேயே மரவேலையும் நடக்கப் போகிறது என்றால் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். பலகை எந்த வழியாக உள்ளே வரும், எங்கே திரும்பும், எங்கே அறுபடும் என்பதை முதலில் வரையுங்கள். பெஞ்சும் அலமாரியும் எவ்வளவு சுவர் கேட்கின்றன என்று எண்ணுங்கள். கதவு அதற்குப் பிறகு.

பட்டறையில் முதலில் தீர்ந்துபோவது சுவர்தான். ஒர்க் பெஞ்ச், பலகையைக் குறுக்கே வெட்டும் மைட்டர் சாவின் மேஜை, பலகை அடுக்கு, பலகையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்களைத் தொங்கவிடும் கட்டை, ஆணி திருகு வைக்கும் இழுப்பறை எல்லாம் சுவரோரமாகவே நிற்கும். தரையில் உள்ளதைச் சக்கரம் கட்டி நகர்த்திக்கொள்ளலாம். சுவரை நகர்த்த முடியாது. ஒவ்வொரு திறப்பும் தன் அகலத்தைவிடக் கூடுதலாகவே சுவரைச் சாப்பிடும் என்பதுதான் வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியாத செலவு.

உள்ளளவு 20 அடிக்கு 24 அடி உள்ள ஒரு கேரேஜை எடுத்துக்கொள்வோம். சுற்றுச்சுவர் 88 அடி. கார் நுழையும் 9 அடிக் கதவு (இனி கார் கதவு), இருபுறமும் அது ஓடும் தண்டவாளமான ட்ராக் சேர்த்து 10 அடி போய்விடும். அது தவிர்க்க முடியாதது. சின்னக் கதவில்தான் தவறு நடக்கிறது. 3 அடிக் கதவை மூலையை ஒட்டி, 4 அங்குலம் மட்டும் விட்டு, உள்பக்கம் திறக்கிற மாதிரி வைத்தால் நிலையோடு சேர்த்து அந்தச் சுவரில் 3 அடி 8 அங்குலம் போகிறது. திறந்த கதவு பக்கத்துச் சுவரில் சாய்வதால் அங்கேயும் 3 அடிக்கு எதையும் வைக்க முடியாது. ஆக ஒரு சின்னக் கதவுக்கு ஏறக்குறைய 7 அடிச் சுவர்.

அதே கதவை மூலையிலிருந்து 30 அங்குலம் தள்ளி, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வையுங்கள். பக்கத்துச் சுவரில் 24 அங்குல ஆழமுள்ள பெஞ்ச் தடையில்லாமல் மூலை வரை ஓடும். பெஞ்ச் விளிம்புக்கும் நிலைக்கும் நடுவே மிஞ்சுகிற 6 அங்குலத்தில் ஸ்விட்ச் போர்டு வைக்கலாம். உள்ளே வந்ததும் கை போகிற இடம் அது. இப்போது அந்தக் கதவு சாப்பிட்டது 3 அடி 4 அங்குலம் மட்டுமே. கட்டுகிற செலவில் வித்தியாசமே இல்லை. கோடு போடும்போது இரண்டரை அடி தள்ளிப் போட்டதுதான்.

ஆள் கதவு

வெளிப்பக்கம் திறக்கும் கதவுக்கு வேறு லாபங்களும் உண்டு. உள்ளே கதவுக்குப் பின்னால் பலகை சாய்ந்து விழுந்து கிடந்தாலும் கதவு திறக்கும். தீ, புகை என்று வந்தால் தள்ளிக்கொண்டு வெளியேறலாம். 900 மில்லிமீட்டர் கதவு 90 பாகை மட்டும் திறந்தால், கதவின் கனமும் நிலையின் தட்டும் போக, கிடைக்கும் வழி 850 சுற்றித்தான். முழுவதும் மடங்கி வெளிச்சுவரோடு ஒட்டிக்கொண்டால் அந்தக் கனம் திரும்பக் கிடைக்கிறது.

குறைகளும் இருக்கின்றன. கீலின் ஊசி வெளியே தெரியும். அதைத் தட்டிக் கழற்றினால் பூட்டு இருந்தும் பயனில்லை. கழற்ற முடியாத ஊசி உள்ள கீல் கேட்டு வாங்குங்கள், அல்லது கீல் பக்கம் நிலைக்குள் செருகிக்கொள்ளும் முளை வையுங்கள். காற்று கதவைப் பிடுங்கி அடிக்கும், அதனால் வெளிச்சுவரில் கொக்கி வேண்டும். மழை கதவின் மேல்விளிம்பில் இறங்கும், அதனால் 2 அடியாவது நீட்டிய சன்ஷேடு வேண்டும்.

அகலத்தைப் பொறுத்தவரை 3 அடி என்பது ஆளுக்குப் போதும், பட்டறைக்குப் போதாது. மேஜைத் தளத்தின் நடுவே பிளேடு எழுந்து நிற்கும் டேபிள் சாவில், கேபினெட் எனப்படும் பெரிய வகையை அதன் ரெயிலோடு அளந்தால் 5 அடிக்கு மேல் வரும். செய்து முடித்த சாப்பாட்டு மேஜையைச் சாய்த்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். கார் கதவு எப்போதும் திறக்க வசதியாக இருக்கும் என்றால் பரவாயில்லை. கார் குறுக்கே நிற்கிற நாட்களே அதிகம் என்றால் ஆள் கதவை 5 அடி இரட்டைக் கதவாகச் செய்யுங்கள்: தினசரி புழங்க 3 அடி ஒன்று, மேலும் கீழும் தாழ் போட்டுச் சாத்தியே வைக்க 2 அடி ஒன்று. இரண்டையும் சரிபாதியாக இரண்டரை அடி வைப்பது பார்க்க அழகு. ஆனால் தினமும் தோள் இடிக்கும்.

கதவடியில் வாசற்படி மாதிரி உயர்ந்த கட்டை வேண்டாம். 3 அங்குலச் சக்கரம் பூட்டிய மெஷின் அரை அங்குலத் திட்டை ஏறும். ஒரு அங்குலம் என்றால் கவிழ்த்துவிடும். தண்ணீரைத் தடுக்க வெளித்தளத்தை முக்கால் அங்குலம் தாழ்த்தி, அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் கொடுத்து வெளியே ஓட விடுங்கள். கார் கதவுக்கும் இதே வழிதான்.

பெரிய கதவு நடுவில் வேண்டாம்

12 அடி அகலக் கேரேஜில் 9 அடிக் கதவை நடுவில் வைத்தால் இருபுறமும் ஒன்றரை அடி மிஞ்சும். ஒன்றரை அடி ஆழத்தில் பெஞ்சும் வராது, மைட்டர் சாவும் வராது. இருபுறமும் பாதி வீண். கதவை ஒரு பக்கம் நகர்த்தி, இடப்புறம் 6 அங்குலமும் வலப்புறம் 30 அங்குலமும் விட்டால் வலச்சுவர் முழுக்க 24 அங்குல ஆழத்துக்குச் சாமான் வைத்துக்கொள்ளலாம். கார் வருகிற பாதையில் அது தலை நீட்டாது. 6 அடி அகலக் கார் நின்ற பிறகும் ஓட்டுநர் கதவைத் திறந்து இறங்க இரண்டரை, மூன்று அடி கிடைக்கும்.

இடப்புற 6 அங்குலத்தை மனம் போன போக்கில் குறைக்காதீர்கள். துண்டு துண்டாக மடங்கி மேலேறும் செக்ஷனல் கதவின் ட்ராக்குக்கே பக்கவாட்டில் 4 அங்குலம் போல வேண்டும். அதைவிட முக்கியம், அந்த ஒல்லியான மூலை லிண்டலின் ஒரு முனையைத் தாங்க வேண்டும். 6 அங்குலச் செங்கல் கட்டு அதற்கு ஆகாது. அங்கே கான்கிரீட் தூண்தான் வார்க்க வேண்டும். மரச்சட்டம், எஃகுச் சட்டச் சுவர்களிலும் மூலையை ஒட்டிய பெரிய திறப்பு காற்றின் பக்கவாட்டுத் தள்ளலுக்கு எதிரான பலத்தைக் குறைக்கும். இந்த ஒரு விஷயத்தைக் கட்டடப் பொறியாளரிடம் காட்டாமல் முடிவு செய்யக் கூடாது.

கதவின் வகை உள்ளே இருக்கும் இடத்தையும் தீர்மானிக்கும். செக்ஷனல் கதவு சுவரை விட்டுவைக்கும்; கூரையடியை எடுத்துக்கொள்ளும். திறப்புக்கு மேலே 12 முதல் 15 அங்குலம், மோட்டார் வைத்தால் இன்னும் சில அங்குலம் தேவை. 7 அடிக் கதவு திறந்தால் அதே அளவு நீளத்துக்கு உள்ளே கூரைபோல் படுத்துக்கொள்ளும். அதற்கு மேலே மாட்டிய விளக்குகள் அத்தனையும் மறையும். வெளிச்சம் வரட்டும் என்று கதவைத் திறந்தால் பட்டறையின் முன்பாதி இருட்டாகிவிடும்! விளக்குகளை ட்ராக்கின் இருபுறமும் வரிசையாக மாட்டுவது இதற்கு ஒரு வழி. கூரை 10 அடிக்கு இருந்தால் ட்ராக்கையே சுவரோடு மேலே ஏற்றி, கூரையை ஒட்டித் திருப்பும் ஹை லிஃப்ட் அமைப்பு அதைவிட நல்லது. மோட்டாரையும் நடுக்கூரையில் தொங்கவிடாமல் கதவின் உருளைத் தண்டில், பக்கச் சுவரில் மாட்டிவிடலாம்.

உருளும் ஷட்டர் கூரையைத் தொடாது. திறப்பின் தலையில் ஒன்றேகால் அடி போலச் சுருள் மட்டும் நிற்கும். சத்தம் அதிகம், பட்டைகளின் இடுக்கில் தூசியும் வெயிலும் வரும், வெப்பத்தைத் தடுக்காது. வெளிப்பக்கம் திறக்கும் இரட்டைக் கதவுதான் பட்டறைக்கு மிகவும் ஏற்றது என்பது என் கட்சி. இறுக்கமாக மூடும், கூரைக்கும் சுவருக்கும் தொந்தரவு இல்லை, வெப்பத் தடுப்பும் வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு கதவும் நாலரை அடி வெளியே வீசும். வாகனப் பாதை குறுகலாகவோ மேல்நோக்கிச் சரிவாகவோ இருந்தால் கதவு தரையில் இடிக்கும். பக்கவாட்டில் நகரும் கதவுக்குத் திறப்பின் அகலத்துக்குச் சமமாகப் பக்கத்தில் காலிச் சுவர் வேண்டும்; பட்டறையில் அது பெரிய ஆடம்பரம்.

எட்டுக்கு நாலு ஷீட்டின் கணக்கு

பட்டறைக்குள் வரும் பொருள்களில் முரட்டுப் பொருள் 8 அடிக்கு 4 அடி பிளைவுட். 18 மில்லிமீட்டர் கனத்தில் ஒன்று 25 முதல் 35 கிலோ வரை இருக்கும். தனியாளாகத் தூக்கித் திருப்புவது சிரமம். ஆகவே அதைத் திருப்பவே தேவையில்லாதபடி அடுக்கும் இடத்தை அமையுங்கள். பெரிய கதவுக்குள் நுழைந்ததும் அந்த 30 அங்குல ஒதுக்கில், சுவரோரம், எட்டரை அடி நீளத்துக்கு ஒரு அடி ஆழ அடுக்கு. ஷீட்டை விளிம்பில் நிறுத்தி நேராகத் தள்ளினால் உள்ளே போய்விடும். ஒரு அடியில் 18 மில்லிமீட்டர் ஷீட் 15 வரை நிற்கும். அப்போது அந்த இடத்தில் 400 கிலோவுக்கு மேல் சேர்ந்திருக்கும் என்பதால் அடுக்கைச் சுவர்ப்பக்கம் சற்றே சாய்த்து, சுவரோடு போல்ட் போட்டுவிடுங்கள்.

கூரை உயரத்தையும் இந்த ஷீட்தான் சொல்கிறது. நீளவிளிம்பில் நிற்பதைக் குத்தாக நிமிர்த்தும்போது அதன் மூலைவிட்டம் 8 அடி 11 அங்குலத்தைத் தாண்டும். 8 அடிக் கூரையில் ஷீட்டை நிமிர்த்த வழியே இல்லை. 9 அடியில் மயிரிழையில் தப்பும், விளக்கு தொங்கினால் அதுவும் இல்லை. 10 அடி இருந்தால் யோசிக்காமல் வேலை செய்யலாம். செக்ஷனல் கதவின் ட்ராக் ஏழரை அடியில் ஓடும் பகுதிக்கு இந்தச் சலுகை கிடையாது. ஷீட் திரும்பும் இடத்தை அந்தப் பகுதிக்கு அப்பால் குறியுங்கள்.

டேபிள் சாவில் 8 அடி ஷீட்டை நீளவாக்கில் கிழிக்க, பிளேடுக்கு முன்னால் 8 அடி, பின்னால் 8 அடி, ஆள் நின்று நகர இரண்டரை அடி. மொத்தம் பதினெட்டரை அடி. 20 அடி நீள அறையில் பிளேடு பின்சுவரிலிருந்து பத்தரை அடியில் உட்கார வேண்டும். முன்னால் ஒன்றரை அடிதான் மிச்சம். 12 அடிப் பலகை வந்தால் சாவைக் கதவுப் பக்கம் நகர்த்தி, கதவைத் திறந்து வெளியே நீட்டுவதுதான் வழி. அதனால் சாவின் நீளக்கோடு பெரிய கதவின் திறப்போடு நேராக இருக்கட்டும்.

எந்தப் பக்கம் பார்த்து நிற்பது? கதவைப் பார்த்து நில்லுங்கள். அறுபட்ட பலகை கதவு வழியாக வெளியே போகும். கதவுக்கு முதுகைக் காட்டி நின்றால் இரண்டு ஆபத்து. பலகை பிளேடில் சிக்கி எகிறினால் அது அறுப்பவர் நிற்கிற பக்கம்தான் பாயும், அதாவது திறந்த கதவு வழியே வெளியே விளையாடுகிற பிள்ளைகளை நோக்கி. பின்னால் யாராவது வந்து தோளைத் தொட்டால் திடுக்கிடுவதும் அப்போதுதான். ஆள் கதவும் அறுப்பவரின் முன்னாலோ பக்கவாட்டிலோ, தலை நிமிர்ந்தால் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும். பிளேடின் நேர்க்கோட்டில் பின்பக்கச் சுவரில் கதவோ ஜன்னலோ கூடாது.

இந்த ஏற்பாட்டில் ஒரு சங்கடம், மாலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும் திசையில் கதவு அமைந்துவிடுவது. பிளேடையும், பலகைக்கு வழிகாட்டும் ஃபென்ஸையும் பார்க்க முடியாமல் கண் கூசும். ஷட்டர் என்றால் பாதி இறக்கிக்கொள்ளலாம். இரட்டைக் கதவு என்றால் ஒன்றை மட்டும் சாத்தலாம். செக்ஷனல் கதவையும் பாதியில் நிறுத்தலாம், பலகை அடியில் போகும்.

நீளப் பலகைக்கு இன்னொரு தந்திரம் உண்டு. பலகையை ஒரே கனத்துக்கு இழைக்கும் திக்னசர் மெஷினின் படுக்கை மட்டத்துக்குச் சரியாக எதிர்ச் சுவரில் ஒன்றரை அடிக்கு ஒரு அடியில் ஒரு சிறு திறப்பு, வெளிப்பக்கம் மூடியோடு. 14 அடிப் பலகையை 16 அடி அறையில் இழைக்க இது போதும். மெஷினின் உயரத்தை வாங்கிய பிறகு அளந்து திறப்பை வைக்க வேண்டும். விளம்பரத் தாளில் உள்ள உயரத்தில் ஸ்டாண்டும் சக்கரமும் சேர்ந்திருக்காது.

மெஷின்களின் எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று விழலாம். ஒரே நேரத்தில் இரண்டு ஓடப் போவதில்லை. டேபிள் சாவின் பின்னால் இருக்கும் பெஞ்சைச் சாவின் தளத்தைவிட எட்டில் ஒரு பங்கு அங்குலம் தாழ்வாகச் செய்தால் அதுவே பலகை தாங்கும் மேஜையாகிவிடும். சம உயரம் என்று செய்தால், தரை கொஞ்சம் உப்பியிருந்தாலும் பலகை விளிம்பில் முட்டி நிற்கும், அறுப்பின் நடுவில் அது நிற்பது நல்லதல்ல. நடைபாதை 3 அடி, டேபிள் சாவைச் சுற்றி 4 அடி. மைட்டர் சாவுக்குச் சுவரோரம் நீண்ட ஓட்டம் வேண்டும்: இடப்புறம் 8 அடி, வலப்புறம் 4 அடி இருந்தால் பெரும்பாலான வேலை நடக்கும். சறுக்கும் வகை என்றால் பின்னால் தண்டு நீள்வதற்காக 30 அங்குல ஆழம் கேட்கும், 24 அங்குலப் பெஞ்சில் அது முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும்.

தளம் வார்ப்பதற்கு முன்

கார் நிற்கும் தளத்துக்குக் கதவை நோக்கி 100க்கு 1 வாட்டம் கொடுப்பது வழக்கம். 22 அடி நீளத்தில் அது இரண்டரை அங்குலத்துக்கு மேல். 12 அடி பெஞ்சின் ஒரு கால் மற்றதைவிட ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் நீளமாக வேண்டியிருக்கும், சக்கரம் வைத்த மெஷின் தானாகக் கதவுப் பக்கம் உருளும். விதிமுறை அனுமதித்தால் வாட்டத்தைக் கார் நிற்கும் முன்பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டேபிள் சா அறையின் நடுவில் நிற்பதால் அதற்கான மின்குழாயைக் கான்கிரீட்டுக்குள் புதைக்க வேண்டும். இதை மறந்தால் காலமெல்லாம் தரையில் வயர் கிடக்கும். விளக்குக்குத் தனி சர்க்யூட் அவசியம், மெஷின் எம்.சி.பி.யை விழச் செய்தாலும் சுற்றிக்கொண்டிருக்கும் பிளேடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். டஸ்ட் கலெக்டரும் சாவும் சேர்ந்தே ஓடுவதால் அவை இரண்டும் ஒரே சர்க்யூட்டில் கூடாது. பிளக் பாயிண்டுகளை 4 அடி உயரத்தில் வையுங்கள். விளிம்பில் நிற்கும் ஷீட் அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் மறைத்துவிடும். இன்னொரு காரணமும் இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். காரும் பட்டறையும் ஒரே இடத்தில் இருக்கும்போது பொறி பறக்கும் எதுவும் தரையிலிருந்து 18 அங்குலத்துக்குக் கீழே இருக்கக் கூடாது. வீட்டுக்குள் போகும் கதவு ஒன்று இருந்தால் அது தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும், படுக்கையறைக்குள் திறக்கக் கூடாது.

ஜன்னலின் அடிமட்டம் தரையிலிருந்து 42 முதல் 48 அங்குலம். பெஞ்ச் 36 அங்குலத்தில் முடியும், இடையில் பிளக் பாயிண்டுக்கும் சின்னக் கருவிகளுக்கும் பட்டை கிடைக்கும். வெளிச்சம் மட்டும் போதும் என்ற சுவரில் ஜன்னலை 6 அடிக்கு மேலே ஏற்றிவிட்டால் கீழே சுவர் முழுவதும் உங்களுடையது. பெரிய கதவுக்கு எதிர்ச் சுவரில் ஒன்றாவது திறக்கும் ஜன்னலாக இருக்கட்டும். வார்னிஷ் வாடை வெளியேற எதிரெதிர்த் திறப்பு வேண்டும்; ஒரே பக்கம் எத்தனை ஜன்னல் வைத்தாலும் காற்று ஓடாது.

இவ்வளவையும் 1:50 அளவில் கட்டத் தாளில் போடுங்கள். ஒரு மெஷினுக்கு இரண்டு அட்டை வெட்டுங்கள், ஒன்று மெஷின், இன்னொன்று அதில் ஓடும் பலகை. பலகை அட்டை இல்லாத வரைபடம் எல்லாமே இடம் தாராளமாக இருப்பது போலக் காட்டும். பிறகு காலி மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, எட்டுக்கு நாலு தெர்மாகோல் ஷீட் ஒன்றைக் கையில் பிடித்துக் கதவு வழியாக நுழைந்து அடுக்கு வரை, அடுக்கிலிருந்து சா வரை நடந்து பாருங்கள்.

மேஸ்திரியிடம் கொடுக்கும் தாளில் கதவின் இடத்தைப் பூச்சு முடிந்த உட்சுவரிலிருந்து அளந்து எழுதுங்கள். வெறும் செங்கலிலிருந்து 30 அங்குலம் என்று எடுத்தால் பூச்சு அரை அங்குலத்துக்கு மேல் குறைத்துவிடும், பெஞ்சுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே அது தெரியும். கதவு எந்தப் பக்கம் வீசும், கீல் எந்தப் பக்கம் என்பதை வில் கோடாக வரைவதோடு எழுத்திலும் எழுதிவிடுங்கள். லிண்டல் உயரம் முடிந்த தரைமட்டத்திலிருந்து. பெரிய கதவை மட்டும் திறப்பு கட்டிய பிறகு தேடாமல், விற்பவரிடம் தலைமேல் எவ்வளவு, பக்கத்தில் எவ்வளவு, உள்ளே ட்ராக் நீளம் எவ்வளவு என்ற மூன்று அளவையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு அதன்படி திறப்பைக் கட்டச் சொல்லுங்கள்.